கோல் கிடந்த பக்கம்

அந்தக் கதவை நான் ஆசைப்பட்டு வாங்கினேன். வாணியம்பாடியில் ஒரு பழைய சாமான் கடையில், இடித்த ஏதோ ஒரு கட்டடத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தார்கள். அலுமினியச் சட்டத்தில் இரண்டு பெரிய கண்ணாடிகள். ஒன்று அசையாது. மற்றதைத் தள்ளினால் அதன் பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். நான் தையல்காரன். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவனுக்குத்தான் வெளிச்சத்தின் அருமை தெரியும். ஜமுனாமரத்தூரைத் தாண்டி நாங்கள் இருக்கும் ஊரில் வீட்டுச் சன்னல்கள் எல்லாம் குளிருக்குப் பயந்து கைக்குட்டை அளவுக்குத்தான் இருக்கும். முன்சுவரை இடித்து அந்தக் கதவை வைத்தேன். மலைச்சரிவு முழுக்க வீட்டுக்குள் வந்துவிட்டது.

என் மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, வூடா துணிக்கடையா? வாசல்ல நின்னு 'வாங்க வாங்க, உள்ள வாங்க'ன்னு கூப்புட ஒரு ஆளு வெச்சிடலாமா?"

கதவின் பூட்டுக் கொக்கி உடைந்திருந்தது. மலைமேல் எவன் ஏறி வந்து என் கத்தரிக்கோலைத் திருடப் போகிறான் என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சக்கரங்களுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெயை விட்டு விட்டு, சத்தமே இல்லாமல் ஓடும்படி பழக்கினேன். ஒரு விரலால் தொட்டால் போதும், நகரும். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் செய்து காட்டுவேன். அந்த ஒரு விரல் பின்னால் என் அத்தையின் விரலாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அத்தை என் மனைவியின் அம்மா. மாமனார் போன பிறகு எங்களோடு வந்துவிட்டார். மலையிலேயே பிறந்து, சாமையும் கேழ்வரகும் விதைத்து, புளி உலுக்கி வாழ்ந்தவர். நான் ஆலங்காயத்துக்காரன், கீழ்நாட்டு மாப்பிள்ளை. என் முன்னால் அவர் உட்காரமாட்டார், நேராகப் பேசவும் மாட்டார். என்னிடம் ஏதாவது கேட்கவேண்டும் என்றால் வாசலில் கட்டியிருக்கும் கன்றுக்குட்டியைப் பார்த்துத்தான் கேட்பார். "மாப்ள சாப்ட்டாரான்னு கேளும்மா." கன்று ஒன்றும் கேட்காது. நானும் கன்றைப் பார்த்தே, "ஆச்சின்னு சொல்லும்மா" என்பேன். எங்கள் உறவு அந்தக் கன்றுக்குட்டி தயவில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் குழம்பில் இரண்டு முறை உப்பு விழுந்தது. அப்புறம் பெயர்கள் போயின. ஒருநாள் என்னை நேராகப் பார்த்து, "மாப்ள, குந்துங்க" என்றார். கன்று பக்கத்திலேயே நின்றது. மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மறந்திருந்தது பெயர் இல்லை, கூச்சம். அது போனால் அடுத்து எது போகும் என்று யோசித்தேன். கீழே பெரிய டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். "தனியா வெளிய விடாதீங்க" என்று மட்டும் அழுத்திச் சொன்னார்.

வெளியே என்றால் எங்களுக்குக் கிணறுதான். வீட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் மனைவிக்கு அக்கா முறையாகும் ஒருத்தரின் சாமைக் கொல்லை. அதன் நடுவில் பழைய கிணறு. கைப்பிடிச் சுவர் சரிந்து உள்ளேயே விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது விளிம்புவரை புல் முளைத்துத் தரையோடு தரையாகக் கிடக்கிறது. தெரியாதவன் பகலிலேயே கால் வைத்துவிடுவான். பனி இறங்கிய காலையில் தெரிந்தவனுக்கும் தெரியாது.

அத்தை முதல்முறை அங்கே போனது அப்படி ஒரு காலையில்தான். மனைவி பக்கத்து ஊர் அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். அவள் கிளம்பிப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், சீருடைகள் குவிந்து கிடந்தன. மெஷின் மோட்டார் ஓடினால் எனக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கால்மேல் சில்லென்று ஏதோ பட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கதவு திறந்திருந்தது. பனி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அத்தை உட்கார்ந்திருந்த பாய் காலியாக இருந்தது.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கத்தவும் பயம். கத்தினால் திடுக்கிட்டுக் காலை எங்கே வைப்பாரோ? பனிக்குள் பேச்சுக் குரல் கேட்டது. கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு, கீழே தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அத்தை" என்றேன்.

திரும்பினார். அந்தத் திரும்பலில் விளிம்பு மண் கொஞ்சம் உதிர்ந்தது. அது தண்ணீரில் விழுகிற சத்தம் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"மாப்ள, தண்ணி அடில போய்டுச்சி. கவுறு எடுத்துனு வாங்க."

மாமியாரின் கை விரலைக்கூடத் தொடாத மாப்பிள்ளை நான். பின்னாலிருந்து இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுத்துப் புல்லில் போட்டேன். நானும் பக்கத்தில் விழுந்தேன். கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு சட்டைக்குக் கையை உள்வெளியாக வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன்.

அன்றிலிருந்து பயம் என்னோடு குடிவந்துவிட்டது. கிணற்றுக்கார அக்கா நல்லவர். "அறுப்பு முடியட்டும் தம்பி, சொவுரு எடுத்துடுறேன்" என்றார். அதுவரைக்கும்? நான் முள் வெட்டிக் கிணற்றைச் சுற்றிப் போட்டேன். அடுத்தமுறை அத்தை தப்பியபோது பாதி வழியில் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் போகும்போது அல்ல, போய்விட்டுத் திரும்பும்போதுதான் பிடித்திருக்கிறேன். முள்ளை வெறுங்கையால் நகர்த்தி, உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி இழுத்து மூடிவிட்டு வந்திருந்தார். உள்ளங்கையில் இரத்தம். திறந்த வேலியை மூடிவிட்டு வரவேண்டும் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

சரி, பின்வாசல் தாழ்ப்பாள் அவருக்கு எட்டாது, இந்தக் கதவைத்தான் அடைக்கவேண்டும். ஆட்டு மணி ஒன்றைக் கதவில் கட்டினேன். அவர் அதை அவிழ்த்து என் முக்காலியின் காலில் கட்டிவிட்டு, "குட்டி ஓடிப்பூடும்" என்றார். குட்டி நான்தான் போலிருக்கிறது. சங்கிலி கோத்துப் பூட்டுப் போட்டேன். அவர் கண்ணாடியை உள்ளங்கையால் அறைந்தார். அப்புறம் நெற்றியால் முட்டினார். கண்ணாடி அதிர்ந்தது. உடைந்து அவர்மேல் சரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் ஓடிப்போய் நானே பூட்டைத் திறந்தேன். மாலையில் வந்த மனைவி சங்கிலியைப் பார்த்தாள்.

"எங்கம்மா இன்னா திருடியா? சங்கிலி போட்டு வெச்சிகிறீங்க?"

"கெணத்துல உழுந்தா பரவாயில்லியா?"

இரண்டு பேரும் கத்தினோம். இரண்டு பேருக்கும் பயம்தான், அதைக் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது. ஆலங்காயத்தில் கண்ணாடி வேலை செய்கிறவருக்குப் போன் போட்டேன். ஒரு கொக்கிக்காக மலை ஏறி வரமுடியாது, கதவைக் கழற்றி இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். கதவே இல்லாத வீட்டில் அத்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வழியைக் காட்டியது என் மெஷின். அடிநூல் சுற்றிய பாபினை மாற்றுவதற்குப் பக்கத்துத் தட்டைத் தள்ளினேன். வரவில்லை. உற்றுப் பார்த்தால், தட்டு ஓடும் பள்ளத்தில் உடைந்த ஊசித் துண்டு ஒன்று படுத்திருந்தது. அவ்வளவு சின்ன ஊசி, அத்தனை பெரிய இரும்புத் தட்டை நகரவிடவில்லை. அப்படியே கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஓடுகிற கதவு போய்ச் சேரவேண்டிய இடம் கீழே தண்டவாளப் பள்ளமாகக் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தில் ஒரு கோலைப் படுக்க வைத்தால் கதவு எங்கே போகும்?

மூங்கில் ஒன்று வெட்டிவந்து கணுக்களைச் சீவினேன். டேப்பை வைத்து அளந்தேன். தையல்காரன் புத்தி, தையலுக்கு விடுகிற மாதிரி கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டிவிட்டேன். துணி என்றால் மடித்துவிடலாம், மூங்கிலை என்ன செய்வது? பள்ளத்தில் உட்காரவில்லை. கோபத்தில் மறுபடி வெட்டினேன், குட்டையாகிவிட்டது. கதவு இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தது. அந்த இடுக்கில் அத்தையின் விரல் மாட்டிக்கொள்வதுபோலத் தோன்றியதும் அதைத் தூக்கி அடுப்பங்கரையில் எறிந்துவிட்டு வேறொரு மூங்கில் வெட்டினேன். இம்முறை கதவை மூடி, கோலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்து, கரியால் குறியிட்டு, குறியின் மேலேயே அறுத்தேன். பள்ளத்தில் படியும்படி அடிப்பக்கத்தைக் கத்தியால் இழைத்தேன். இரண்டு முனையிலும் சீருடைத் துண்டு சுற்றி நூலால் இறுக்கினேன், இடிக்காமலும் ஆடாமலும் இருக்க. எடுக்க வசதியாக நடுவில் ஒரு துணிக் காது வைத்துத் தைத்தேன். பள்ளத்தில் வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு அசையவில்லை.

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"குனிஞ்சி எடுத்தா முடிஞ்சிபோச்சி. இதுக்கா இவ்ளோ அளவு?"

அதுதான் என் பயமும். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. உள்ளேயிருந்து ஒரு குழந்தைகூடக் கோலை எடுத்துவிடலாம். ஆனால் அத்தை குனிந்து நிமிர நேரம் ஆகும். அந்த நேரத்தில் நான் எழுந்துவிடுவேன். மெஷினைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அத்தை கதவிடம் வந்தார். விரலால் தள்ளினார். நகரவில்லை. கீழே பார்த்தார். கோலைப் பார்த்தார். நான் மோட்டாரை நிறுத்தினேன். அவர் கொஞ்சம் குனிந்தார், தொடவில்லை. நிமிர்ந்து, முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, இரண்டடி பின்னால் வந்து, சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். நான் காத்திருந்தேன். அவர் எழவே இல்லை.

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். துணி கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் கோலை எடுத்துக் காட்டினேன், வைத்துக் காட்டினேன். சங்கிலியால் ஆகாததை ஒரு மூங்கிலால் சாதித்துவிட்டேன் என்று நினைப்பு. அத்தை தினமும் கதவுவரை வருவார், கோலைப் பார்ப்பார், அதே சுவரோரம் போய் உட்காருவார். யாராவது வரப்போகக் கோலை எடுத்தாலும் உடனே திரும்ப வைத்துவிடுவேன்.

நிம்மதி கொஞ்சநாள்தான். அத்தை சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். தட்டை நீட்டினால், "வேணாங்க, வேணாங்க" என்று கையை ஆட்டுவார். மகள் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார். பாயைப் போட்டால் பாயில் உட்காரமாட்டார். சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வெறுந்தரையிலேயே இருந்தார். நாங்கள் பார்க்காதபோது தண்ணீர் மட்டும் குடித்தார். மணிக்கட்டில் இருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறத் தொடங்கியது. கிணற்றிலிருந்து காப்பாற்றிவிட்டேன், இப்போது என் கண் முன்னாலேயே, வீட்டுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறாரே என்று எனக்குப் பைத்தியம் பிடிக்கிறமாதிரி இருந்தது. டாக்டர், நோய் முற்றினால் அப்படித்தான் என்றார். மனைவி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ஒருநாள் மத்தியானம் நான் வீட்டின் பின்பக்கம் விறகு எடுத்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் வந்தால், கிணற்றுக்கார அக்கா கையில் தூக்குச் சட்டியோடு சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, வந்துட்டு கூப்புடாம போறீங்க?"

திரும்பி என்னைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். "ஐய, நீ இங்கதான் கீறியா? வூட்ல ஆளு இல்லன்னு திரும்பிட்டேன் தம்பி. உங்க அத்தைக்கு மொச்சக்கொட்ட கொழம்புன்னா உசுரு, அதான் சாமச்சோறும் கொழம்பும் எடுத்துனு வந்தேன். கோலு கெடக்குதேன்னு..."

"இன்னா கோலு?"

"வாசல்ல குறுக்க கோலு போட்டுக்கீதே. கோலு கெடந்தா வூட்ல ஆளு இல்லன்னுதான அர்த்தம்? பூட்டெல்லாம் இப்ப வந்தது. எங்க காலத்துல கொல்லைக்கிப் போனா வாசல்ல ஒரு கோலப் போட்டுட்டுப் போவோம். ஒருத்தரும் தாண்ட மாட்டாங்க. வந்தவங்க வாசல்லியே குந்திக்கினு இருப்பாங்க, வூட்டுக்காரங்க வர்ற வரிக்கும். இப்ப யாரும் போடுறதில்ல. ஆனா கண்ணு பாத்த உடனே காலு தானா திரும்பிடுச்சி பாரேன்." சிரித்தார்.

"அந்தக் கோலு உள்பக்கம் கெடக்குதுக்கா. அத்தை உள்ளதான் இருக்காங்க."

அக்காவின் சிரிப்பு நின்றது. "உள்ள கோலு போடுவாங்களா? கோலு கெடக்குற பக்கம்தான வெளிய?"

நான் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றேன். உள்ளே சுவரோரம் அத்தை உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் கண்ணாடியும், அதன் காலடியில் நான் அளந்து அளந்து செய்த கோலும். இந்தப் பக்கம் மரம், ஆகாயம். அந்தப் பக்கம் மெஷின், துணிமூட்டை. மறதி வந்த ஒருத்தருக்குக் கண்ணாடியில் உள்ளே எது, வெளியே எது? கோல் எந்தப் பக்கமோ அது வெளி. அதாவது அத்தை இத்தனை நாளும் வெளியே உட்கார்ந்திருந்தார்.

பின்வழியாக உள்ளே போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தை, இது யார் வூடு?"

"தெரியலீங்களே. கோலு போட்டுட்டு எங்கியோ போயிக்கிறாங்க. வந்துடுவாங்க."

"வந்தா?"

"வழி கேக்கணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க வூட்டுக்குப் போவணும். பொழுது போனா எங்க பொண்ணு தேடும்."

"எதுனா சாப்புடுறீங்களா?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "வேத்து வூட்டு வாசல்ல குந்திக்கினு துன்னுவாங்களா?"

நான் அழுதேன். எனக்கு அழுகை சுலபமாக வராது, கோபம்தான் வரும். அன்று கோபப்பட ஆள் இல்லை. சொந்த மகள் வீட்டில், ஊர் பேர் தெரியாதவர் வாசலில் ஒண்டியமாதிரி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு, பசியோடு, வராத வீட்டுக்காரருக்காகக் காத்திருந்திருக்கிறார். நான் எதிரில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுந்துபோய்க் கோலை எடுத்தேன். பின்வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி முன்பக்கம் வந்து, கதவை அகலத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன்.

"வாங்க வாங்க, உள்ள வாங்க! எவ்ளோ நேரமா காத்துனு கீறீங்க?"

அத்தை சட்டென்று எழுந்து நின்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"இப்பதாங்க வந்தேன்" என்றார்.

அடுப்படிக்கு என் பின்னாலேயே வந்தார். கூடவே வந்த அக்கா சாமைச்சோற்றில் மொச்சைக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார். அத்தை வழித்து வழித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்காரர்களுக்கு மரியாதையாகத் தட்டைக் கழுவி வைத்தார்.

ஆனால் கோல் இப்போது என் கையில் இருந்தது. கதவு திறந்து கிடந்தது. கோலை வைத்தால் பட்டினி, எடுத்தால் கிணறு. சாயங்காலம் மனைவி வரும்வரைக்கும் நான் மெஷினில் உட்காரவே இல்லை, கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன வயதிலேயே கீழே விடுதியில் தங்கிப் படித்தவள் அவள். "லீவுல வரும்போது பாத்துருக்கேங்க. வூட்டுக்கு வூடு கோலு கெடக்கும். மறந்தே போய்ட்டேனே" என்றாள். பிறகு கதவு வழியாக வெளியே பார்த்தாள்.

"அப்ப கோல அங்க போடுங்க" என்றாள்.

அவள் கை காட்டியது, எங்கள் வாசல் முடிந்து கொல்லைக்கு இறங்குகிற இடம். இரண்டு பக்கமும் கல்வரப்பு, நடுவில் ஓர் ஆள் போகிற வழி.

"முள்ளையே நவுத்தினவங்க. இத்தத் தாண்ட மாட்டாங்களா?"

"முள்ளு வெறும் வேலிங்க, அத நவுத்தலாம். கோல எங்கம்மா தாண்ட மாட்டாங்க."

எனக்கு நம்பிக்கை இல்லை. மறுநாள் காலை அவள் லீவு போட்டாள். நான் கோலை வழிக்குக் குறுக்கே வைத்துவிட்டுக் கிணற்றுக்கும் கோலுக்கும் நடுவில் ஒரு புளியமரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டேன். பனி. கதவு சத்தமில்லாமல் திறந்தது. அத்தை வாசலைத் தாண்டி நேராகக் கிணற்றுப் பக்கமாக வந்தார். வேகமாக வந்தார். தாண்டினால் பாய்ந்து பிடிக்கவேண்டும் என்று ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டேன்.

கோலருகே வந்ததும் நின்றார். கீழே பார்த்தார்.

"வூட்ல யாரு?" என்று கூப்பிட்டார்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கொஞ்சநேரம் காத்திருந்தார். பதில் வராததால் முந்தானையைச் சரி செய்துகொண்டு திரும்பி நடந்தார். வாசலில் என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாம்மா, உள்ள வா" என்றாள்.

அதிலிருந்து கோல் அங்கேதான் கிடக்கிறது. முனையில் சுற்றிய சீருடைத் துணி மழையில் வெளுத்துவிட்டது. ஆடு தட்டிவிட்டிருந்தால் நேராக்கி வைத்துவிட்டுத்தான் காலையில் நான் மெஷினில் உட்காருவேன். அத்தை சாப்பிடுகிறார். வளையல் மறுபடி மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. அக்கா அறுப்பு முடித்துக் கிணற்றுக்குக் கல் இறக்கினார், கொத்தனார்தான் வந்தபாடில்லை. நானே கட்டுகிறேன் என்று ஆரம்பித்தேன். நான் வைத்த கல் எல்லாம் கிணற்றுக்குள் போய்விட்டது, அக்கா கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் அத்தையிடமிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கன்று யாருடையது என்று கேட்டார். என்னைத் "தையக்காரரே" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒருநாள் மகளைப் பார்த்து, "நீ யாரு பொண்ணும்மா?" என்றார். மனைவி அதற்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோலை மட்டும் அவர் மறக்கவில்லை. தினமும் போய், பார்த்து, கூப்பிட்டு, திரும்பி வந்தார். நானும் தினமும் சற்றுத் தள்ளிப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். இந்த ஒன்றை மட்டும் விட்டுவை, இந்த ஒன்றை மட்டும் விட்டுவை என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டே போவேன்.

போன வாரம் மழை விட்ட ஒரு பிற்பகல். அத்தை கோலருகே போய் நின்றார். வழக்கம்போலக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. வெகுநேரம் நின்றார். கால் விரலால் கோலை இலேசாகத் தட்டினார். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாது இது, குறுக்க கெடக்குது?"

"கோலு அத்தை."

"எதுக்கு?"

கீழ்நாட்டான் நான் அவருக்குச் சொல்லவேண்டியதாயிற்று.

"வூட்ல ஆளு இல்ல. அதான் போட்டுட்டுப் போயிக்கிறாங்க."

யோசித்தார். கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்டியா? அப்ப நாம அப்பறம் வரலாம்" என்றார்.

கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். வீடுவரைக்கும் விடவில்லை.

மறுநாள் மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றினேன். பழையபடி கால்மிதியாக்கித் தூக்கிக்கொண்டுபோய் அந்தக் கல்வரப்பு வழியின் நடுவில் போட்டேன். மேலே ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். கோல் என் காலடியில் கிடக்கிறது. மனைவிக்கு அன்று நடந்ததைச் சொல்லவில்லை. ஏன் இங்கே வந்து தைக்கிறீர்கள் என்று கேட்டாள். இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.